சில்லறைக்கு மஞ்சத்தண்ணி, நோட்டுக்கு இல்லை

நான் மதுரை செல்லூரில் வளர்ந்தவள். 2017-ல் பேரையூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போனேன். ஊர்ப் பேர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குடித்தனம்.

அந்தப் பக்கம் சில ஊர்களில் முட்டு வீடு உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுக்குத் தூரமானால் ஐந்து நாள் ஊர்க்கடைசி அறையில்தான் படுக்கை. வெளியே வேப்பமரக் கிளையில் பைகள் தொங்கும். அவரவர் தட்டு, தம்ளர் அதற்குள். எந்தப் பை இந்த மாசம் இறங்கவில்லை என்று பார்த்தே யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது என்று ஊர் கணக்குப் போட்டுவிடும். நான் உண்டான சேதி என் வீட்டுக்காரருக்கு முன்னால் டீக்கடைக்குத் தெரியும்.

இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பவர் அவருடைய பெரியப்பா. நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லணும். என் பிரசவத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி பிடித்து வந்தவர். ஆனால் கண் ஆபரேஷனுக்குச் சென்னையில் மகள் ஃபிளாட்டில் ஒரு மாசம் இருந்துவிட்டு வந்தார். மகள், இரண்டு பேத்திகள், ஒரே அடுப்பு. “அங்கிட்டு எப்படி மாமா சாப்பிட்டீங்க?” என்று கேட்டே விட்டேன்.

“நம்ம சாமிக்கு எல்லை தாண்டி அதிகாரம் இல்ல தாயி.”

சிரிக்காமல் சொன்னார். வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர் வேறு. போகிற வழியில் செங்கன்னூரில் பகவதிக்கே தீட்டு வரும், அதற்குத் திருப்பூத்து என்று விழாவே எடுப்பார்கள். அங்கேயும் கும்பிட்டுவிட்டுத்தான் மலையேறுவார்.

ஊரிலேயே இருக்கிற இன்னொரு பேத்தி வயசுக்கு வந்தபோது டி.கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ், மண்டபம், தாய்மாமன் சீர், மொய் நோட்டு. அடுத்த மாசம் அதே பிள்ளை ஸ்கூல் பையையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு முட்டு வீட்டுக்கு வந்தது. என் பக்கத்தில்தான் படுத்தது. ராத்திரி பூராவும் தூங்கவில்லை.

பெரிய அத்தை மகளிர் குழுத் தலைவி. தவணை நாளில் முட்டு வீட்டுக்கே வந்துவிடுவார். வாசலுக்கு வெளியே நிற்பார், நாங்கள் பணத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கணும். சில்லறை மேல் செம்பிலிருந்து மஞ்சத்தண்ணி தெளிப்பார். நோட்டை அப்படியே எண்ணி இடுப்பில் செருகிக்கொள்வார். ஒருநாள் வாய் சும்மா இல்லாமல், “நோட்டுக்குத் தீட்டு இல்லையா அத்தை?” என்றேன்.

“நனைஞ்சா பேங்க்ல வாங்க மாட்டேங்கிறான்ல!”

களை எடுப்புக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள். அவர்கள் வயலுக்கே. கடலைச் செடியைத் தொடலாம், வீட்டுப் படியைத் தொடக் கூடாது.

2018 நவம்பரில் கஜா புயல். தஞ்சாவூர் மாவட்டம் அணைக்காட்டில், வயசுக்கு வந்ததற்காகத் தனிக்குடிசையில் படுக்க வைத்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று தென்னை மரம் விழுந்து செத்துப்போனது. டிவியில் அந்தச் சேதி ஓடியபோது நான் அடுப்படியில் இருந்தேன். பெரிய மாமா உச்சுக் கொட்டினார். “பச்சப் புள்ளைய இப்படியா பண்ணுவாய்ங்க, பாவிப் பயலுக” என்றார். கண் கலங்கியது நிஜம், நான் பார்த்தேன்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, “நம்மளது தளம் போட்ட கட்டடம், பயமில்ல” என்றார்.