ஸ்விஃப்ட் முன்கதவுக்குப் பெயின்ட்: ஒருத்தர் 3,200, இன்னொருத்தர் 9,800 சொல்லுதாங்க

பெருமாள்புரம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2016 ஸ்விஃப்ட், சில்வர், டி.என். 72. போன ஞாயித்துக்கிழமை வீட்டை விட்டு ரிவர்ஸ் எடுக்கும்போது இடதுபக்க முன்கதவு கேட் கொண்டியில உரசிட்டு. உரசிட்டுன்னு மரியாதைக்குச் சொல்லுதேன். உள்ளபடி பாத்தா கைப்பிடிக்குக் கீழ ஒரு சாண் நீளத்துக்குக் கோடு, அது முடியுற இடத்துல கோழிமுட்டை அளவுக்கு ஒரு நசுங்கல். ஓட்டுனது நான்தான். வீட்டுக்காரர் அன்னைக்கு ஊர்லயே இல்ல, அவர் மேல பழி போடவும் வழியில்ல.

மூணு இடத்துல விலை கேட்டாச்சு. பேட்டைப் பக்கம் ஒரு ஷெட்டுல 3,200, ரெண்டு நாள், "ஒண்ணும் கழட்ட வேண்டாம் டீச்சர், டேப் ஒட்டி அடிச்சிருவோம்"னாங்க. பைபாஸ்ல பூத் (பெயின்ட் அடிக்குற மூடின அறை) வச்சிருக்க ஒரு ஒர்க்‌ஷாப்ல 6,500, நாலு நாள். கம்பெனி சர்வீஸ்ல 9,800. அதுல பெயின்ட் 8,000, தகரம் தட்டுற கூலி 1,800, வரியெல்லாம் சேத்து. "இன்சூரன்ஸ் போட்டுக்கிடுங்க, கையில இருந்து ஒண்ணும் போகாது"ன்னு அங்க இருந்த பையன் ரொம்ப அக்கறையாச் சொன்னான்.

ஒரே கதவு, ஒரே கலர். எப்படி மூணு மடங்கு வித்தியாசம் வரும்? ஆவணி முதல் முகூர்த்தத்துல அண்ணன் மகள் கல்யாணம், வண்டி மண்டபத்து வாசல்ல நிக்கணும். அதுக்குள்ள முடியுமா?

தாழையூத்து ரைடர்:

அக்கா, டச்-அப் பேனா 300 ரூபாய்க்குக் கிடைக்கும். கோடு மேல இழுத்து விட்டுட்டு கல்யாணத்துக்குப் போங்க. மண்டபத்துல யாரு கதவைப் பாக்கப் போறா, பந்தியைத்தான் பாப்பாங்க.

மேலப்பாளையம் ஸ்ப்ரே கன்:

தம்பி, சில்வர்ல டச்-அப் பேனா இழுத்தா சிலேட்டுல பென்சில் கோடு போட்ட மாதிரி இருக்கும். அது துரு பிடிக்காம இருக்கத்தான் உதவும், மறைக்காது.

டீச்சர், நான் 22 வருஷம் பெயின்டர். இப்ப நெஞ்சு ஒத்துழைக்கல, கடையைத் தம்பி பாக்கான். கலருக்கு மேல பளபளப்புக்கு அடிக்குற கிளியர், அதுல கலக்குற ஹார்டனர்ல ஐசோசயனேட்டு இருக்குல்லா, அது மூச்சுக்குழலுக்கு ஆகாது. மூக்குல கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு அடிச்ச காலம் அது. யாரும் சொல்லித் தரல.

முதல்ல வீட்டுலயே ஒரு சோதனை. கோட்டு மேல தண்ணியைத் தெளிச்சுப் பாருங்க. நனைஞ்சதும் கோடு மறைஞ்சா கிளியர் மட்டும்தான் கீறியிருக்கு, பாலிஷ் போட்டாலே போதும். மறையாம, நகத்தை வச்சு இழுத்தா நகமும் மாட்டுதுன்னா பெயின்ட்தான். எப்படி இருக்குன்னு சொல்லுங்க, மேல சொல்லுதேன்.

பெருமாள்புரம் டீச்சர்:

நகம் மாட்டுது அண்ணாச்சி. நசுங்கின இடத்துல ஒரு மிளகு அளவுக்குத் தகரமே தெரியுது.

மேலப்பாளையம் ஸ்ப்ரே கன்:

அப்ப பெயின்ட்தான். கல்யாணத்துக்கு அப்புறம்னு தள்ளிப் போடாதீக, தெரியுற தகரம் சும்மா இருக்காது.

விலைக்கு வாரேன். என்ன பெயின்ட், எந்த கம்பெனின்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க ஒரு கேள்வி கேளுங்க: "கைப்பிடியைக் கழட்டுவீங்களா?" மத்ததெல்லாம் அந்தப் பதில்லயே தெரிஞ்சிரும்.

கைப்பிடி, கண்ணாடி, பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை) எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு சுத்தி டேப் ஒட்டி அடிச்சா, டேப்பை உரிக்கும்போது பெயின்ட் ஓரம் ஒரு மெல்லிசு வரப்பு மாதிரி நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. வண்டி கழுவக் கழுவ அதுக்குள்ள தண்ணி இறங்கும், ஒரு வருஷத்துல கைப்பிடியைச் சுத்திச் செதில் செதிலா உரியும். கழட்டி மாட்டணும்னா உள்பக்க அட்டையை எடுக்கணும், பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழியாம உரிக்கணும், ராடுகளை விடுவிக்கணும். அரை நாள் வேலை. 3,200-க்கும் 6,500-க்கும் நடுவுல இருக்க பணத்துல பாதி அந்த அரை நாள்தான்.

மீதிப் பாதி நசுங்கல்லயும் கலர்லயும் இருக்கு. குழியில சின்ன வாஷரை வெல்டு வச்சு வெளிய இழுக்கணும். தகரம் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்த பிறகு மேல மெல்லிசா பட்டி. அவசரக்காரன் குழியை இழுக்கவே மாட்டான், பட்டியை அள்ளி அப்பி மட்டம் பண்ணிருவான். ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு மேல தடிச்ச பட்டி, கதவை அடிச்சு அடிச்சுச் சாத்தும்போது வெடிச்சிரும். வேலை முடிஞ்சதும் ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுற காந்தத்தைத் துணியில சுத்தி அந்த இடத்துல வச்சுப் பாருங்க. பிடிக்காம நழுவினா கீழ தகரம் ரொம்ப ஆழத்துல கிடக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. பட்டியைத் தண்ணி தொட்டுத் தேய்க்கக் கூடாது, அது பஞ்சு மாதிரி உறிஞ்சும். 80, 180, 320 நம்பர் உப்புத்தாள் எல்லாம் காஞ்சபடியே தேய்க்கணும். பிரைமர் அடிச்சுக் காஞ்ச பிறகுதான் வாட்டர் பேப்பர், 800 வரைக்கும். நம்ம ஊர்ல முக்காவாசி ஷெட்டுல பட்டியிலயே வாளித் தண்ணிதான். அந்த ஈரம் உள்ள இருந்து ஆறு மாசம் கழிச்சுக் கொப்புளமா வரும். அப்ப பெயின்ட் கம்பெனியைத் திட்டுவாங்க.

கலர். உங்க வண்டி ஸில்க்கி சில்வர்னா கோடு இசட் டூ எஸ். கோடு ஒண்ணுங்கிறதுக்காகக் கலர் ஒண்ணா இருக்காது. சில்வர்ல மினுங்குறது அலுமினியத் துகள். ஈரமா அடிச்சா துகள் அடியில போய்க் கலர் கருக்கும், தள்ளி நின்னு உலர்த்தி அடிச்சா மேல நின்னு வெளுக்கும். ஒரே டப்பாவை ரெண்டு பேர் கையில குடுத்தா ரெண்டு சில்வர் வரும். போதாக்குறைக்கு உங்க வண்டி இத்தனை வருஷ பாளையங்கோட்டை வெயிலைக் குடிச்சிருக்கு. அதனால கதவோட நிறுத்த மாட்டோம். முன் ஃபெண்டர்லயும் (முன் சக்கரத்துக்கு மேல உள்ள தகரம்) பின்கதவுலயும் கொஞ்ச தூரத்துக்குக் கலரை மங்கவிட்டு, கிளியரை அந்த ரெண்டுலயும் முழுசா அடிப்போம். ஒரு கதவுக்குக் காசு வாங்கி மூணு பேனல் வேலை. இதுக்குப் பேருதான் பிளெண்டிங், அது உண்டா இல்லையான்னு கேட்டுக்கிடுங்க.

கடைசியா, இது ஆடி மாசம். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, திறந்த ஷெட்டுல கிளியர் ஈரமா இருக்கும்போது மண்ணு பறக்காதா? நாங்க விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு, தரை பூரா தண்ணி தெளிச்சு, காத்து கிளம்புறதுக்குள்ள அடிச்சு முடிப்போம். அப்படியும் மண் விழும். கல்யாணத்துக்கு நாள் இல்லாததால பூத்துதான். 60 டிகிரியில அரை மணி நேரம் வேகவச்சு எடுத்திருவாங்க.

அம்பை கணக்குப்பிள்ளை:

பெயின்ட் பத்தி அண்ணாச்சி சொன்ன பிறகு நான் வாய் திறக்கல. இன்சூரன்ஸ் பத்தி மட்டும். "கையில இருந்து ஒண்ணும் போகாது"ங்கிறது பச்சைப் பொய். டீச்சர், உங்க பாலிசியில நோ கிளெய்ம் போனஸ், அதான் கிளெய்ம் போடாம இருந்ததுக்குக் குடுக்குற தள்ளுபடி, எத்தனை? ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கான) பிரீமியம் அந்தத் தள்ளுபடிக்கு முன்னாடி எவ்வளவு?

பெருமாள்புரம் டீச்சர்:

போனஸ் 35 சதவீதம். பிரீமியம் 6,000 பக்கத்துல. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) கிடையாது, வண்டி பழசுன்னு குடுக்கல.

அம்பை கணக்குப்பிள்ளை:

சரி. 9,800 பில்லை வைங்க. பெயின்ட் கூலியும் பொருளும் சேந்த பில்லா இருந்தா அதுல 25 சதவீதம் பொருள்னு எடுத்து, அந்தப் பொருள்ல பாதியைத் தேய்மானம்னு கழிப்பாங்க. 8,000-ல பொருள் 2,000, பாதி 1,000 போச்சு. 1,500 சி.சி.-க்குள்ள உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. ஆக 2,000 உங்க கையில இருந்து இப்பவே போகும், 7,800 அவங்க தருவாங்க.

இனிதான் வேடிக்கை. கிளெய்ம் போடாட்டி அடுத்த வருஷம் போனஸ் 45, அதுக்கு மேல 50. போட்டா பூஜ்யத்துல இருந்து 20, 25, 35, 45ன்னு திரும்ப ஏறணும். 6,000-க்கு வருஷா வருஷம் நீங்க கூடக் கட்டுறது: 2,700, 1,800, 1,500, 900, 300. கூட்டினா 7,200. ஐ.டி.வி. (பாலிசியில போடுற வண்டி மதிப்பு) குறையக் குறைய பிரீமியமும் இறங்கும், ஆகையால உள்ளபடி கொஞ்சம் கம்மியா வரும். ஆனாலும் வாங்குன 7,800-ல பெரும்பகுதியை நீங்களே தவணையில திருப்பிக் குடுக்கீங்க. கூட அந்த 2,000. நடுவுல நிஜமாவே பெருசா இடிச்சா அப்ப போனஸும் இருக்காது.

பைபாஸ்ல 6,500 குடுத்து முடிச்சிருங்க.

தாழையூத்து ரைடர்:

கணக்குப்பிள்ளை, இது பரீட்சையில வருமா?

பெருமாள்புரம் டீச்சர்:

பன்னெண்டு நாள் கழிச்சு எழுதுதேன். வண்டி நேத்து சாயங்காலம் வந்துட்டு.

பைபாஸ் ஒர்க்‌ஷாப்லதான் விட்டேன். போனதும் அண்ணாச்சி சொன்ன கேள்வியைக் கேட்டேன். அந்த மேஸ்திரி என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு சிரிச்சார். கழட்டினாங்க, பிளெண்டிங்கும் உண்டுன்னார். மூணாவது நாள் போன் பண்ணி வரச் சொன்னாங்க. அட்டையை எடுத்த கதவுக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டை மூணும் சேறு அடைச்சுக் கிடந்துச்சு. ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குத்தினதும் டீ டிகாக்‌ஷன் மாதிரி செம்மண் தண்ணி ஒரு டம்ளருக்கு இறங்குச்சு. உள்ள ஓரத்துல துரு ஆரம்பம். அதைச் சுரண்டி துருத் தடுப்பு அடிக்க 400 கூட ஆச்சு. மொத்தம் 6,900. கொண்டியில உரசாட்டி அந்தத் துரு தெரிஞ்சிருக்கவே செய்யாது, ஆனா இதை வீட்டுக்காரர்கிட்ட சாக்கா சொல்லிப் பாத்தேன், எடுபடல.

கலருக்கு ஒரு அட்டையில அடிச்சு, ஃபெண்டர் பக்கத்துல வெயில்ல பிடிச்சுக் காட்டினாங்க. முதல் அட்டை கருத்துத் தெரிஞ்சுது, ரெண்டாவது சரியா வந்துச்சு. இப்ப நேரா நின்னு பாத்தா ஒரு வித்தியாசமும் இல்ல. பின்னால இருந்து சாய்வாப் பாத்தா, தெரிஞ்சவங்களுக்கு மட்டும் தெரியும். காந்தம் நல்லாப் பிடிக்கி.

ஒரே ஒரு குறை. கதவுக்குக் கீழ் ஓரத்துல ஒரு கொசு, காலு சிறகெல்லாம் அப்படியே கிளியருக்குள்ள இருக்கு. என்ன செய்ய?

மேலப்பாளையம் ஸ்ப்ரே கன்:

பூத்துக்குள்ளயும் கொசு வரும் டீச்சர், அதுக்கென்ன தெரியும். ஒரு வாரம் கழிச்சு அங்கயே கொண்டு போங்க. 2000 பேப்பர்ல தண்ணி தொட்டு லேசாத் தேய்ச்சு காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டா போயிரும், காசு கேக்க மாட்டாங்க. ஆழமா இருந்தா விட்டுருங்க, தோண்டப் போய்க் கிளியர் போயிரக் கூடாது. ஒரு மாசத்துக்கு வாக்ஸ் எதுவும் போடாதீக, பிரஷ் வச்ச வாஷுக்கும் போகாதீக. காக்கா எச்சம் விழுந்தா மட்டும் உடனே தண்ணி ஊத்திருங்க.

கேட் கொண்டியை என்ன செஞ்சீக?

பெருமாள்புரம் டீச்சர்:

வெல்டரைக் கூப்பிட்டு அறுத்தாச்சு அண்ணாச்சி. 300 ரூபாய், தனிக் கணக்கு. இப்ப கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டுதோம்.