சீசனில் மட்டும் ஐபி முகவரி கிடைக்கவில்லை

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி. 40 கம்ப்யூட்டர், ஒரே ரவுட்டர், வைஃபையும் அதில்தான். ஜூனில் ஆள் கூடினால் பில்லிங் கம்ப்யூட்டருக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது. ஏன்?

பதில் 1: டிஹெச்சிபி (ரவுட்டரில் ஐபி முகவரி வழங்கும் வசதி) பதில் தராததால் விண்டோஸ் தானே வைத்துக்கொண்ட முகவரி அது. ரவுட்டரில் அது வழங்கும் முகவரி வரம்பைப் பாருங்க. 192.168.1.100 முதல் 199 வரை என்றிருந்தால் மொத்தமே 100தான். ஒவ்வொரு செல்போனும் ஒன்றைப் பிடிக்கும். லீஸ் (ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும் காலம்) 24 மணி நேரம் என்றால், ஷிஃப்ட் முடிந்து ஆள் போனாலும் முகவரி உடனே திரும்பாது. வரம்பை 20–250 ஆக்கி, லீஸை 2 மணி நேரமாக்குங்க. பில்லிங் கம்ப்யூட்டர், பிரிண்டருக்கு மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) போட்டு ரிசர்வேஷன், அதாவது எப்போதும் ஒரே முகவரியை ஒதுக்குவது, கட்டாயம். கையால் போட்ட முகவரிகள் புது வரம்புக்குள் விழுந்தால் மோதும், கவனம்.

பதில் 2: அவசரப்படாதீங்க, முதலில் லீஸ் பட்டியலை எண்ணுங்க. நிறையவில்லை என்றால் சுவிட்சில் லூப் இருக்கலாம், அதாவது கேபிள் சுற்றி அதே நெட்வொர்க்கில் திரும்பச் சேர்ந்திருக்கலாம். அப்போது பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் அனுப்பும் செய்தி) சுற்றிச் சுற்றிப் பெருகிப் புயலாகும். டிஹெச்சிபி கேட்பதும் பிராட்காஸ்ட்தான், அந்தப் புயலில் காணாமல் போகும். எல்லா போர்ட் விளக்கும் ஒன்றாகப் படபடத்தால் அதுதான். இதைத் தடுக்கவே ராடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பேனிங் ட்ரீயை (லூப்பைக் கண்டுபிடித்து அந்த வழியை அடைக்கும் முறை) உருவாக்கினார். மலிவு சுவிட்சில் பெரும்பாலும் இருக்காது.

கேட்டவர்: எண்ணிட்டேன். 100க்கு 100, அதில் 71 செல்போன்.

பதில் 1: அப்போ செல்போனுக்கு கெஸ்ட் வைஃபையைத் தனி வரம்பில் போட்டுடுங்க.