பாட்டின் உரிமையை மொத்தமாக எழுதித் தரச் சொல்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

காசிமேட்டுக் குரல்:

அனைவருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பகலில் மண்ணடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் பாட்டு எழுதி, மெட்டமைத்து, பாடி, வீட்டிலேயே பதிவுசெய்து வெளியிடுகிறேன். சினிமா வாய்ப்புத் தேடவில்லை. என் பாட்டு என் குரலிலேயே வர வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாகச் செய்த பாட்டு காசிமேட்டு மீன் ஏலத்தைப் பற்றியது. ஏலம் கூறும் அம்மாக்களிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் குரலைக் கைபேசியில் பிடித்தேன். விலை ஏற ஏற அவர்கள் குரல் ஒரு கதியில் ஓடுமே, அதையே தாளமாக வைத்தேன். எங்கள் தெருவில் கண்டெய்னர் லாரிச் சத்தம் ஓயாது. பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே மைக்கை வைத்துத்தான் பாடினேன். ரிச்சி தெருவில் வாங்கிய டைனமிக் மைக் அது. கண்டன்சர் மைக் என்றால் லாரியையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

அதைக் கேட்டுவிட்டு ஓர் இசை நிறுவனம் 75,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக, அனைத்து உரிமைகளும்' என்று இருக்கிறது. அடுத்த மூன்று பாட்டுகளையும் முதலில் அவர்களிடமே காட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை. விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

புளியந்தோப்பு கீபோர்டு:

தங்கச்சி, இப்படியே போட்டுவிடாதே. மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துக் குடும்பம் நடத்துகிறவன் நான், சொந்தப் பாட்டும் வெளியிடுகிறேன்.

உன் ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. இரண்டும் இன்று உன்னுடையவை. பதிவுக்கு முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவரே அதன் தயாரிப்பாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டம். பீரோவுக்குள் மைக் வைத்தவள் நீதானே? வரிக்கும் மெட்டுக்கும் உன் ஆயுள் முழுக்க உரிமை உண்டு, அதற்குப் பிறகும் 60 ஆண்டுகள் உண்டு. உன் பேரப்பிள்ளைகள் வரை சேர வேண்டியதைத்தான் 75,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள்.

உரிமையையே எழுதிக் கொடுக்காதே, உரிமம் கொடு. அதாவது சொத்து உன்னுடையதாகவே இருக்கும், அவர்கள் கொஞ்ச காலம் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒலிப்பதிவுக்கு மட்டும், ஐந்து ஆண்டுக்கு மிகாமல் கொடு. ஒரு விஷயம் கவனி: எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'நிரந்தரம்', 'உலகம்' இரண்டையும் அவர்கள் மறக்காமல் அச்சடித்திருப்பது அதனால்தான். அங்கேதான் நீ பேரம் பேச வேண்டும்.

2012-இல் வந்த திருத்தத்தையும் தெரிந்துகொள். எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் சரிபாதி பெறும் உரிமையைத் தாங்களே நினைத்தாலும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி எழுதி வாங்கினாலும் செல்லாது. ஆனால் வசூலித்துத் தர ஆள் வேண்டுமே! ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற இரண்டு வகையிலும் உறுப்பினராகிவிடு.

எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடிய கானாவைக் கேட்டு வளர்ந்தவன் நான். டோலக்கைத் தட்டிக்கொண்டு, இறந்தவரின் பெயரை வைத்து அங்கேயே வரி கட்டுவார்கள். சில நாளில் அதே வரியை வேறு தெருவில் வேறொருவர் பாடுவார். எத்தனையோ அருமையான பாட்டுக்கு எழுதியவர் பெயரே இன்று தெரியாது. நினைத்தால் வயிறு எரிகிறது. உன் பாட்டுக்கும் அந்தக் கதி வரக் கூடாது.

ராயபுரம் மிக்சிங்:

அண்ணன் சொல்வது சரி. ஆனாலும் அந்தப் பணத்தை அலட்சியம் செய்யாதீர்கள் சகோதரி. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு பைசாவும் வராது. அதைத் தாண்டினாலும் கட்டணம் கட்டும் அளவுக்குத் தொகை சேர நாளாகும். நிறுவனத்தை ஒரேயடியாக மறுத்துவிடாமல், அதே தொகையை உரிமத்துக்கு முன்பணமாகக் கேளுங்கள். குறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. அடுத்த மூன்று பாட்டுகள் பற்றிய பிரிவை மட்டும் அடித்தே ஆக வேண்டும், இன்னும் பிறக்காத பாட்டை யாரும் அடகு வைப்பதில்லை. பணம் கைக்கு வரும்வரை குரல், தாளம் என்று பிரித்துப் பதிவான தனித்தனி டிராக்குகளைக் கொடுக்காதீர்கள். பாட்டின் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைக் குறித்து வையுங்கள், அந்த ஒலிப்பதிவின் அடையாள எண் அது. நாளை, ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் பாட்டை ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்தை மாற்றினாலும் அதே எண்ணில் ஏற்றினால்தான் இதுவரை கேட்ட கணக்குத் தொடரும்.

வண்ணாரப்பேட்டை அக்கா:

வெள்ளிக்கிழமைக் கெடுவுக்குப் பயப்படாதே கண்ணு. உண்மையில் பாட்டு வேண்டும் என்றால் திங்கட்கிழமையும் காத்திருப்பார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேரே உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம், உன் மண்ணடிக்கு அடுத்த நிறுத்தம்தான். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மதிய இடைவேளையில் போய்வா.

இங்கிலாந்துப் பாடகி ரே பற்றிப் படித்துப் பார். பெரிய நிறுவனத்தில் பல ஆண்டு இருந்தும் ஒரு முழு ஆல்பம் வெளியிட முடியவில்லை என்று 2021-இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விலகினார். 2023-இல் தன் முதல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டார். 2024 பிரிட் விருது விழாவில் ஒரே இரவில் ஆறு விருதுகள் வாங்கினார்.

காசிமேட்டுக் குரல்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை விடுப்புச் சொல்லிவிட்டு உயர் நீதிமன்றம் போகிறேன். இன்னொரு சந்தேகம். ஏலம் கூறிய அம்மாக்கள் வாயால்தான் சம்மதம் சொன்னார்கள். அது போதுமா?

புளியந்தோப்பு கீபோர்டு:

போதாது. எந்த நிறுவனமும் 'இதில் உள்ள குரல்களுக்கு அனுமதி வாங்கிவிட்டேன்' என்று உன்னிடம் உறுதி கேட்கும். ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, அவர்களுக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கு. அவர்களுக்கு எவ்வளவு தரப்போகிறாய் என்பதையும் அதிலேயே எழுது. முன்பணம் வந்தால் முதலில் அதைக் கொடுத்துவிட்டு வா.