சோற்றை நிறுத்திய முதல் பத்து நாள்கள்: அனுபவப் பகிர்வு

தண்டையார்பேட்டையிலிருந்து:

எனக்கு வயது 48. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடந்த ஆடி மாதத்தின் முதல் புதன்கிழமையன்று சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, அஸ்கா என்னும் வெள்ளைச் சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை 8.1 என்று வந்திருந்தது. எடை 91 கிலோ. மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கும் உணவுமுறையை மூன்று மாதம் முயன்று பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். நான் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை மட்டும் எடுத்துவந்ததால் மாத்திரையில் அவர் மாற்றம் ஏதும் செய்யவில்லை. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்று மாமியார் தடுத்தார். தொடங்கவில்லை, நிறுத்தத்தான் போகிறேன் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

முதல் நாள் சிரமமே தெரியவில்லை. காலை நாஷ்டாவுக்கு இரண்டு முட்டை, மதியம் கீரையும் வறுத்த கானாங்கத்தையும், இரவில் பனீர் என்று ஒரு திருவிழாவைப் போலக் கழிந்தது. இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தலைவலி தொடங்கியது. பேரேட்டில் ஒரே பக்கத்தை மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் வெவ்வேறு தொகை வந்தது. முக்காலியிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அன்றிரவு கெண்டைக்காலில் நரம்பு இழுத்துப் பிடித்ததில், தூக்கத்திலிருந்து அலறியபடி எழுந்தேன். மூன்றாம் நாள் மதியம், பக்கத்து மேசைக்காரர் டிபன் பாக்ஸைத் திறந்தபோது எழுந்த எலுமிச்சைச் சோற்றின் வாசனையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? கடுகும் கடலைப்பருப்பும் மஞ்சள் எண்ணெயில் மின்னிய அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டே, மூன்று நாள் தாக்குப்பிடிக்க முடியாத எனக்கு எதற்கு இந்த வீம்பு என்று என்னையே நொந்துகொண்டேன்.

அன்று மாலை மருத்துவமனையின் உணவு ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்து, எனக்கு மனவுறுதி போதவில்லை என்றேன். மனவுறுதியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு உப்புச் சேர்க்கிறீர்கள் என்றுதான் கேட்டார். கடுமையான பத்தியம் என்றால் எல்லாவற்றையும் குறைக்க வேண்டும் என்று நானாக முடிவுசெய்து, ஊறுகாய், அப்பளம், கருவாடு அனைத்தையும் ஒதுக்கி, குழம்பிலும் பாதி உப்புதான் போடச் சொல்லியிருந்தேன். சிக்கல் அங்கேதான் இருந்தது. மாவுச்சத்து குறையும்போது உடம்பில் இன்சுலின் அளவு இறங்குகிறது. இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகச் சோடியத்தை வெளியேற்றுகிறது. அதோடு தண்ணீரும் போகிறது. தலைவலி, தலைச்சுற்றல், எரிச்சல், சோர்வு ஆகியவற்றில் பெரும்பகுதி இதனால் வருவதுதான் என்று அவர் விளக்கினார். எனக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் இல்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகு, வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் குடிக்கவும், இரவில் ஆட்டெலும்பு சூப் வைத்துக் குடிக்கவும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் தலைவலி இறங்கியது. என் குணத்தில் உள்ள குறை என்று மூன்று நாளாக நான் வைது தீர்த்தது, ஒரு சிட்டிகை உப்பின் குறைதான் என்று தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

ஆனால் ஐந்தாம் நாள் நடந்ததற்கு உப்பைப் பழி சொல்ல முடியாது. அது ஆடி ஞாயிறு. எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். வேப்பிலை கட்டிய பெரிய அண்டாக்கள், கேழ்வரகும் நொய்யும் கலந்து புளித்த மணம், பக்கத்தில் முருங்கைக்கீரையும் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பும். வரிசையில் நிற்கவில்லை என்றாலும் விடமாட்டார்கள். எதிர் வீட்டு ஆயா கையில் சொம்போடு வந்து, "ஆத்தாளுக்கு வார்த்தத வேணான்னு சொல்லலாமாப்பா?" என்றார். சொல்லக் கூடாதுதான். நின்றபடியே இரண்டு மடக்குக் குடித்தேன். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு மூன்றாவது மடக்கும் இறங்கியது.

இதுவரை தவறு ஒன்றும் இல்லை. அதன் பிறகு நான் செய்ததுதான் தவறு. விரதம் எப்படியும் கெட்டுவிட்டது, இன்று ஒரு நாள் போகட்டும் என்று மதியம் சோறு சாப்பிட்டேன், மாலையில் பேல்பூரி, இரவில் நான்கு பரோட்டாவும் சால்னாவும். மூன்று மடக்குக் கூழில் இருந்த மாவுச்சத்து எவ்வளவு இருந்துவிடப் போகிறது? ஒரு தோசைக்குக்கூட வராது. அந்தச் சொற்பத்தை நான்கு பரோட்டாவாகப் பெருக்கியது "கெட்டுவிட்டது" என்ற அந்த ஒற்றைச் சொல். திங்கட்கிழமை காலையில் கை கால் வீங்கியது போல் இருந்தது. மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று மலைப்பாக இருந்தது. ஆலோசகர் மறுபடியும் கணக்கைத்தான் சொன்னார்: ஐந்து நாளில் 15 வேளை, அதில் இரண்டு வேளை தவறியிருக்கிறது, பதினாறாவது வேளையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். கணக்குப்பிள்ளைக்கு இந்த மொழி புரிந்தது. பேரேட்டில் ஒரு வரி தவறினால் அந்த வரியைத்தான் திருத்துகிறோம். யாரும் புத்தகத்தையே கிழிப்பதில்லை.

இதே முதல் நாள்களை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள் என்பதை எழுதுங்கள்.

காசிமேட்டிலிருந்து:

நான் எழுதப்போவது என் அம்மாவின் அனுபவம். அம்மா துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் வைத்து விற்பவர். விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பினால் காலை எட்டு மணிக்குள் ஆறு டீ குடித்துவிடுவார். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி அஸ்கா. மருத்துவர் எத்தனையோ முறை சொல்லியும், வேலை நடக்கும் நாள்களில் அதை நிறுத்த முடியவில்லை. ஆகவே விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலத்தை, அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாள்களை, அவரே தேர்ந்தெடுத்தார். அந்த நாள்களில் எங்கள் வீட்டில் வருமானம் குறைவு, மனக்கவலை அதிகம். இப்போது போய் இது தேவையா என்று நான் கேட்டேன். வீட்டிலேயே இருந்தால் டீக்கடை இல்லை, டீக்கடை இல்லையென்றால் டீ இல்லை என்று அம்மா சொன்னார். அதற்குமேல் ஆராய்ச்சி எதுவும் அவர் செய்யவில்லை.

முதல் வாரம் வீட்டில் யாரும் அவரிடம் பேச முடியவில்லை. பாத்திரங்கள்தான் பேசின. சிறு படகுகளில் வரும் மத்தியையும் நெத்திலியையும், கேரளத்திலிருந்து லாரியில் வரும் மீனையும் வாங்கிக் குழம்பு வைத்து, சோறில்லாமல் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பார். எங்கள் வீட்டில் சோறு இல்லாமல் மீன் குழம்பைப் பார்ப்பது, தாலி இல்லாமல் கல்யாணத்தைப் பார்ப்பது போல. பசியைவிட அவருக்குக் கடினமாக இருந்தது, தான் சாப்பிடாத சோற்றை எங்களுக்காக வடிக்க வேண்டியிருந்ததுதான் என்று பிறகு ஒருநாள் சொன்னார். அதன் பிறகு நானும் தம்பியும் உலை வைக்கும் வேலையை எடுத்துக்கொண்டோம். வீட்டில் உள்ள ஆண்கள் பத்தியம் இருந்தால் தனியாகச் சமைத்துத் தட்டில் வைக்க ஆள் இருக்கிறது. சமைப்பவரே பத்தியம் இருந்தால் நிலைமை வேறு என்பதை மேலே எழுதிய ஐயாவும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உண்மையான சோதனை ஜூன் மாதத்தில் வந்தது. தடை முடிந்து படகுகள் திரும்பிய முதல் விடியலில் படகுக்காரர் வாங்கிக் கொடுக்கும் டீயை மறுப்பது மரியாதை இல்லை. அம்மா மறுக்கவில்லை. அன்று இரண்டு டீ குடித்தார். மீதி நான்கு முறையும் பாட்டிலில் கொண்டுபோன நீர்மோரைக் குடித்தார். வீட்டுக்கு வந்து, "ஆறு ரெண்டாச்சு" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. நான்தான் முழுவதுமாக விட்டிருக்கலாமே என்று முணுமுணுத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பெரம்பூரிலிருந்து:

ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வாரத்தில் 2.5 கிலோ குறைந்தது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் வாரம் 200 கிராம்கூட இறங்கவில்லை. மூன்றாம் வாரத் தொடக்கத்தில் அரைக் கிலோ கூடியது. அன்றே எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சர்க்கரை சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் வாரத்தில் அந்தச் சேமிப்பு கரையும்போது தண்ணீரும் சேர்ந்து போவதால் எடை மளமளவென்று இறங்குகிறது. கொழுப்பு குறைவது அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் நடக்கிறது. தண்ணீர் குறைந்ததற்கு மகிழ்ந்தவன், தண்ணீர் கூடியதற்கு அழுதேன். இரண்டாம் முறை எடை மெஷினை மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அரைஞாண் கயிற்றை மட்டும் பார்த்துவந்தேன். இரண்டு மாதத்தில் அது இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியது.

வியாசர்பாடியிலிருந்து:

இங்கே எழுதியவர்கள் தாங்கிக்கொண்டதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் தாங்கிக்கொள்ளக் கூடாத ஒன்றைத் தாங்கிக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும்.

நான் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்துக்கொள்பவன். மருத்துவரைக் கேட்காமல், கைப்பேசியில் பார்த்த காணொளியை நம்பிச் சோற்றை நிறுத்தினேன். மாத்திரையை வழக்கம்போல விழுங்கிவந்தேன். இந்த வகை மாத்திரை, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு மூலக்கடையில் பேருந்துக்காக நின்றிருந்தபோது உள்ளங்கை வியர்த்தது, விரல்கள் நடுங்கின, நெஞ்சு படபடத்தது. முதல் நாள்களில் இப்படித்தான் இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிட வேண்டும் என்று அந்தக் காணொளியில் சொல்லியிருந்தார்கள். நானும் கடித்துக்கொண்டு நின்றேன். பேருந்தில் ஏறிய பிறகு நடத்துநர் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போகும் ஊரின் பெயர் நினைவுக்கு வரவில்லை. குடிபோதை என்று நினைத்து ஒருவர் விலகி உட்கார்ந்தார். பின்னால் இருந்த ஒரு பெண்மணிதான், தன் மாமனாருக்கு இப்படி ஆகும் என்று சொல்லி, பையிலிருந்த மாம்பழச் சாற்றை உடைத்து வாயில் ஊற்றினார். பத்து நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு மருந்துக்கடையில் சர்க்கரையைப் பார்த்தபோதுகூட 68 தான் இருந்தது. சாறு குடிப்பதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே அஞ்சுகிறேன்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அதற்கு வைத்தியம் மனவுறுதி ஆகாது. மூன்று தேக்கரண்டி அஸ்காவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், இந்த வகை மாத்திரை எடுப்பவர்கள், இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் அனைவரும் உணவை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். நான் பிறகு மருத்துவரிடம் போய்த் திட்டு வாங்கி, மாத்திரையைக் குறைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி தொடங்கினேன். இரண்டாம் முறை வந்தது சாதாரணத் தலைவலியும் பசியும்தான். அவற்றுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து மீண்டும்:

காசிமேட்டுச் சகோதரி சொன்னது உறைத்தது. என் வீட்டிலும் மூன்று வேளையும் எனக்குத் தனியாகச் சமைத்தது மனைவிதான். மேலே எழுதியதில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். "ஏங்க, இந்தக் கதையில நான் எங்கங்க?" என்று அவரும் படித்துவிட்டுக் கேட்டார்.

வியாசர்பாடி நண்பர் எழுதியதற்குப் பிறகு, என் பதிவில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. உப்புத் தண்ணீர் எனக்குப் பொருந்தியது, ஆலோசகர் என்னை விசாரித்த பிறகு சொன்னதால்தான். தலைச்சுற்றல் என்றால் எல்லாரும் உப்பைக் கரைத்துக் குடித்துவிட வேண்டாம். சர்க்கரை நோயாளி முதலில் விரலில் குத்திப் பார்த்துவிட வேண்டும்.

இடையில் ஒருவர், மாலை நான்கு மணிப் பசிக்கு என்ன செய்கிறீர்கள் என்று தனியாகக் கேட்டிருந்தார். கடையில் அந்த நேரத்தில்தான் வடையும் பஜ்ஜியும் செய்தித்தாளில் எண்ணெய் ஊறி வரும். முதல் வாரத்தில் கழிவறைக்குப் போவது போல எழுந்து போய்விடுவேன். அது நெடுநாள் ஓடவில்லை. இப்போது மூன்றரை மணிக்கே, அதாவது பசி வருவதற்கு முன்பே, ஒரு கைப்பிடி வேர்க்கடலையைத் தின்று, உப்புப் போட்ட மோரையும் குடித்துவிடுகிறேன். வடை வரும்போது வயிற்றில் ஏதோ இருக்கிறது. பார்சலைப் பிரித்துப் பங்கு வைக்கும் பொறுப்பையும் நானே வாங்கிக்கொண்டேன். எட்டுப் பேருக்கு எட்டு வடை, எண்ணிக் கொடுத்தால் மீதி இருக்காது.