எம்.எஸ்.வி. நிகழ்ச்சி: பாட்டுப் பட்டியல் 1965-ஓட நிக்கணுமா?

ஒழுகினசேரியான்:
மாசிக் கொடைக்கு (கோயில் திருவிழா) மூணு மணி நேரம் இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன், அதாவது எம்.எஸ்.வி. பாட்டு மட்டும். வாத்தியம் ஒம்பது பேரு: கீபோர்டு ரெண்டு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், புல்லாங்குழல், ஒத்தை வயலின், தபேலா-டோலக், பாங்கோஸ், ரிதம் பேட். பாட ஆணு ரெண்டு, பெண்ணு ரெண்டு. பொன்னாடை, அறிவிப்பு, நன்றியுரைக்கு இருபத்தஞ்சு நிமிஷம் தள்ளினா, பாட்டுக்கு அஞ்சரை நிமிஷம் வீதம் 28 பாட்டு கொள்ளும்.

எனக்க கருத்து இது. பட்டியல் 'பணம்' (1952) தொடங்கி 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) வரை போதும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி சேர்ந்து இருந்த அந்தப் பதிமூணு வருஷம்தான் சரக்கு. 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூணும் ஒரே வருஷம், 1961. 1964-ல 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை', 'சர்வர் சுந்தரம்'. பிரிஞ்ச பிறகு இப்படி ஒரு வருஷத்தக் காட்டுங்க பாப்போம். போதாததுக்கு, இவங்க ரெண்டு பேரையும் ஜோடியா முதல்ல போட்ட 'பணம்' படத்தை இயக்கினவரு நம்ம ஒழுகினசேரி என்.எஸ்.கே. நாகர்கோவில் மேடைக்கு இதவிடப் பொருத்தம் வேற என்ன? மறுக்கிறவங்க காரணத்தோட வாங்க.

குழித்துறைக்காரன்:
அண்ணே, நிகழ்ச்சி தமிழ்த்தாய் வாழ்த்தோடதானே தொடங்கும்? மோகனம், மூன்றன் நடை, 55 வினாடி. மெட்டு எம்.எஸ்.வி., வருஷம் 1970. உமக்க விதிப்படி பாத்தா முதல் நிமிஷத்துலயே வாயை மூடணும்.

பின்னே, கேரள எல்லையோரத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆளும் வரும்லா? அங்க எம்.எஸ்.வி.ன்னா பாதிப் பேருக்கு 'லங்கா தகன'த்துல ஏசுதாஸ் பாடின 'ஈஸ்வரனொரிக்கல்', 'பணி தீராத வீடு'ல ஜெயச்சந்திரனுக்க 'சுப்ரபாதம்'. அந்தப் பாட்டுக்கு ஜெயச்சந்திரனுக்குக் கேரள அரசு விருதே கிடைச்சுது. அதே படத்துல 'கண்ணுநீர்த்துள்ளியே' எம்.எஸ்.வி. தானே பாடினது. எல்லாம் எழுபதுகளுக்கத் தொடக்கம், எல்லாம் தனி விஸ்வநாதன். பாலக்காட்டு எலப்புள்ளியில பொறந்த மனுசனுக்க மலையாளப் பாட்டு ஒண்ணுகூட இல்லாம குமரி மாவட்டத்துல ஒரு நிகழ்ச்சியா?

வேளிமலை:
எது உயர்ந்தது என்று பேசுமுன் எது மேடையில் நிற்கும் என்று பார்த்துவிடுவோம்.

அறுபதுகளின் நடுவரை பாட்டு மொத்தமும் ஒரே மூச்சில் பதிவானது. பாடகர், வாத்தியக்காரர் எல்லாரும் ஒரே கூடத்தில், ஒலி மோனோ. பாங்கோஸ்காரர் கடைசிச் சரணத்தில் தட்டுத் தவறினால் பல்லவியிலிருந்து மறுபடியும் எடுக்க வேண்டும். பதிவு முடிந்தபின் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது. யார் மைக்குக்குப் பக்கத்தில், யார் சுவரோரம் என்பதுதான் கலவை. 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டை ஒலிப்பதிவுக் கூடமாகவே காட்டியிருப்பார்கள், எம்.எஸ்.வி.யே நின்று நடத்துவார். படத்துக்காக எடுத்த காட்சிதான் என்றாலும், எத்தனை பேர் எவ்வளவு நெருக்கி உட்கார்ந்தார்கள் என்பது அதில் தெரியும்.

இப்படிப் பதிவானதால் பாட்டின் கட்டுமானத்திலேயே இடைவெளி உண்டு. பாடகர் வரி பாடும்போது கீழே தாளமும் பேஸும் மட்டும் ஓடும். வரி முடிந்து அவர் மூச்செடுக்கிற இடத்தில் வயலின் கூட்டமோ குழலோ ஒரு சின்னத் துண்டு போட்டுவிட்டு விலகும். நம் ஊர்க் குழுக்கள் கெடுப்பது இங்கேதான். கீபோர்டுக்காரர் கைநிறையக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பிடித்துக்கொண்டே இருப்பார், பாட்டு மூச்சுமுட்டும். வரி ஓடும்போது இடதுகை சும்மா இருக்க வேண்டும் என்று ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வயலின். 'எங்கே நிம்மதி'க்கு (புதிய பறவை) ஒற்றை வயலினும் கீபோர்டு ஸ்ட்ரிங்ஸும் போதாது. ஸ்ட்ரிங்ஸ் ஒலிகள் பலவும் மெதுவாக எழும்புகிறவை. விரலை வைத்துக் கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் வரும். வேகமான வில்வீச்சுக்கு அதை வாசித்தால் தாளத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும். அட்டாக்கை, அதாவது சத்தம் எழும்பும் நேரத்தைக் குறைத்து வைக்கலாம், அல்லது குறுவில் ஒலியை எடுக்கலாம். அப்போதும் அந்தக் கூட்டத்தின் கனம் வராது. ஆகவே ஒன்பது பேரை வைத்துக்கொண்டு 1961–65 மட்டும் என்று நிற்பது, அந்தக் காலத்துக்கே செய்கிற அநியாயம்.

ஒழுகினசேரியான்:
வேளிமலை சார் தன்னை அறியாம எனக்க பக்கம் பேசிட்டாரு. அந்த வயலின் கனம் எங்கேருந்து வந்துது? ராமமூர்த்தி திருச்சிக்காரரு, வயலின்காரரு. விஸ்வநாதன் ஆர்மோனியம். ஒருத்தரு மெட்டு, ஒருத்தரு அதுக்க உடுப்பு. பிரிஞ்சதும் உடுப்புப் போச்சு.

குழித்துறைக்காரன்:
அப்படியா? 1966 'அன்பே வா'. 'ராஜாவின் பார்வை' கேட்டீரா? குதிரைக் குளம்படித் தாளத்துக்கு மேல வயலின் கூட்டம் எப்படி ஏறி இறங்குதுன்னு கேட்டுட்டு வாரும். பிரிஞ்ச மறு வருஷத்துப் பாட்டு அது.

உடுப்பு ராமமூர்த்தியோட போச்சுன்னா, அவருக்கத் தனிப் படத்துல அது இருக்கணும்லா? 'தேன்மழை', 'மறக்க முடியுமா?', 'நான்', 'தங்கச் சுரங்கம்' எல்லாம் அவருதான். நல்ல பாட்டு உண்டு, இல்லேங்கல. ஆனா அவரு தனியாப் பண்ணின படம் இருபதைத் தொடல. அவருக்குமேல உமக்கு அம்புட்டுப் பிரியம்னா 'மறக்க முடியுமா?' படத்துக்க 'காகித ஓடம்' பாட்டு பட்டியல்ல ஏன் இல்ல? அது 1966-ங்கதுனாலயா, போஸ்டர்ல எம்.எஸ்.வி. படம் மட்டும் இருக்கதுனாலயா?

பழையாறு:
'காகித ஓடம்' நியாயமான கேள்வி. போஸ்டரில் ஒரு முகம், பட்டியலில் இரண்டு பேர் உழைப்பு. ராமமூர்த்தி 1922, விஸ்வநாதன் 1928. இளையவர் பெயர் முதலில் வந்தது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. 2012-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா இருவரையும் சேர்த்துத்தான் கௌரவித்தார். போஸ்டரை மாற்றுங்கள்.

ஒழுகினசேரியான்:
போஸ்டர் மாத்தலாம். ஒத்துக்கிடுதேன். 'காகித ஓடம்' சேக்கலாம். ஆனா அது ராமமூர்த்தி கணக்குல, எம்.எஸ்.வி. தனிக் கணக்குல இல்ல. ரெண்டு பேரும் மறுபடி சேந்தது 1995-ல 'எங்கிருந்தோ வந்தான்'. அதுக்கு இடையில முப்பது வருஷம், எண்ணிக்கை ஏராளம், தரம் ஏத்த இறக்கம். இது எனக்க வாதம்.

குழித்துறைக்காரன்:
தரம்னா சொல்லுதேன். பின்னணிப் பாடகிக்குத் தேசிய விருதுன்னு முதல்ல கொடுத்ததே பி. சுசீலாவுக்கு, 'உயர்ந்த மனிதன்'ல 'நாளை இந்த வேளை பார்த்து'. 1968. அப்புறம் 1975-ல வாணி ஜெயராமுக்கு 'ஏழு ஸ்வரங்களுக்குள்', படம் 'அபூர்வ ராகங்கள்'. ரெண்டும் தனி எம்.எஸ்.வி. அந்த மனுசனுக்கு ஒரு பத்ம விருதுகூடக் கொடுக்கல்லங்கது வேற வயித்தெரிச்சல்.

பழையாறு:
கிட்டார்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு காலத்துக்கும் பொருந்தும்.

'உள்ளத்தில் நல்ல உள்ளம்' (கர்ணன்) சக்கரவாகம். ஸ-வை 'சி' என்று வைத்தால் சுரங்கள் சி, டி-பிளாட், ஈ, எஃப், ஜி, ஏ, பி-பிளாட். சி மேஜர் பிடிக்கலாம், எஃப் மேஜர் பிடிக்கலாம், பி-பிளாட் மைனர் பிடிக்கலாம். பழக்கதோஷத்தில் ஜி மேஜர் பிடித்தால் அதற்குள் 'பி'யும் 'டி'யும் வந்துவிடும். காகலி நிஷாதம், சதுஸ்ருதி ரிஷபம். இரண்டும் ராகத்தில் கிடையாது. மேலே பாடகர் சுத்த ரிஷபம் பிடிப்பார், கீழே கிட்டார் அதற்கு அரைக் கட்டை சுருதி மேலே நிற்கும். கேட்கிறவருக்கு ராகப் பெயர் தெரியாது, பல் கூசுவது மட்டும் தெரியும். தெரியாத ராகத்துக்குத் தம்புராவும் பேஸும் போதும், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

'அதிசய ராகம்' (அபூர்வ ராகங்கள்) இன்னும் வேடிக்கை. மகதி, நாலே சுரம்: ஸ, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம். அதே 'சி' கணக்கில் சி, ஈ, ஜி, பி-பிளாட். நாலையும் சேர்த்து அழுத்தினால் சி-செவன்த். அந்த ஒரே கார்டிலேயே பாட்டை ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஓட்டினால் மெட்டு எங்கேயாவது இறங்கி முடியப்போகிறது என்ற எதிர்பார்ப்பைக் காதுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மெட்டோ இறங்காது. ஸ-ப மட்டும் பிடியுங்கள். கடைசியில் மெட்டு பைரவிக்குத் தாவுகிற இடத்தைக் கீபோர்டுக்காரர் குறித்து வைத்திருக்க வேண்டும். அங்கே பழைய பிடியிலேயே நின்றால் பாடகர் தனியாகிப் போவார்.

ஒழுகினசேரி அண்ணாச்சிக்கு: நாலு சுரத்தில் கிட்டத்தட்ட ஒரு முழு சினிமாப் பாட்டைக் கட்டியவரை 1965-ல் நிறுத்துவது எப்படி?

சுசீந்திரம் டோலக்:
நீங்க ரெண்டு கட்சியும் சண்டை போடுங்க, நான் தோல் வாத்தியத்துக்கக் கட்டையை, அதாவது சுருதியைப் பத்திப் பேசுதேன்.

28 பாட்டையும் வருஷ வரிசையில வச்சா கட்டை தாறுமாறாப் போகும். ஒண்ணரையில ஒரு பாட்டு, அடுத்தது நாலு, அடுத்தது ரெண்டு. ஒரு தபேலாவை மிஞ்சிப்போனா அரைக் கட்டை ஏத்தலாம், அரைக் கட்டை இறக்கலாம். அதுக்கு மேல ஏத்தினா வார் தாங்காது, இறக்கினா நாதம் செத்து மண்சட்டி மாதிரிக் கேக்கும். கீபோர்டுக்காரரு டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கிட்டுப் போயிருவாரு. எங்களுக்குச் சுத்தியலும், குழல்காரருக்கு வேற குழலும் வேணும். அதனால பக்கத்துப் பக்கத்துக் கட்டையை நாலு நாலு பாட்டாக் கட்டுங்க.

மாசி ராத்திரி திறந்த மேடை, பத்து மணிக்கு மேல பனி இறங்கும், தோலும் இறங்கும். நாலு பாட்டுக்கு ஒரு தடவை அறிவிப்பாளர் ரெண்டு நிமிஷம் பேசணும். அது எங்களுக்குச் சுருதி சேக்க.

இன்னொண்ணு. டி.எம்.எஸ். பாட்டை அடுத்தடுத்து மூணு வச்சா எந்தத் தொண்டையும் கட்டும். இடையில பி.பி.எஸ். ஒண்ணு, சுசீலா ஒண்ணு, பிற்காலத்து எஸ்.பி.பி. ஒண்ணுன்னு கலந்தாத்தான் ஒரே ஆணு பதினொரு மணி வரைக்கும் பாட முடியும். 1965-ஓட நிறுத்தினா எஸ்.பி.பி., வாணி ரெண்டு குரலும் போச்சு.

ஒழுகினசேரியான்:
அதுக்கு மைனஸ் ஒன் டிராக் (பாடுறவங்க குரல் இல்லாம இசை மட்டும் உள்ள பதிவு) இருக்குல்லா மக்கா? 'எங்கே நிம்மதி', 'பார்த்த ஞாபகம் இல்லையோ' ரெண்டுக்கும் டிராக் போட்டா வயலின் கவலையும் இல்ல, தபேலா கவலையும் இல்ல.

சுசீந்திரம் டோலக்:
இருக்கு. பழைய டேப்ல இருந்து காதால கேட்டு அப்படியே செய்த டிராக்கு பாதி சரியான கட்டையில நிக்காது. இருபது, முப்பது சென்ட் கூடவோ குறைச்சலோ இருக்கும், டேப் ஓடின வேகம் அப்படி. அரைக் கட்டைக்கு நூறு சென்ட். முப்பதுன்னா தனியாக் கேக்கும்போது தெரியாது, பக்கத்துல புல்லாங்குழல் சேந்தா நாறிரும். ஒண்ணு டிராக்கை முன்னாலயே வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதிக்குத் திருத்தி வைங்க, இல்ல கீபோர்டுல மாஸ்டர் டியூனை நகத்துங்க. நகத்தினதை அடுத்த பாட்டுக்குத் திருப்பி வைக்க மறந்துறாதீங்க. மேடையில வழக்கமா நடக்கிற கூத்து அது.

அப்புறம் டிராக்குல இசையை இடது பக்கம் மட்டும் வச்சு, வலது பக்கம் கிளிக் (தாளம் எண்ணுற சத்தம்) வச்சுக்கிடணும். கிளிக் தாளக்காரரு ஹெட்போனுக்கு மட்டும். ரெண்டையும் ஆடியோ செட்டுக்காரரு சேத்து விட்டார்னா, ஊருக்கே டக் டக்குன்னு கேக்கும்.

வேளிமலை:
டிராக் போட்டால் இன்னொரு சிக்கல். கொடைக்கு ஊர் முழுக்கக் கோளாம்பி (கூம்பு ஒலிபெருக்கி) கட்டியிருப்பார்கள். கோளாம்பியில் பேஸ் ஏறாது. வயலின் கூட்டமும் கோரஸும் தகரச் சத்தமாகத்தான் போகும். மேடைக்கு முன்னால் பாக்ஸ் வைத்து, கோளாம்பிக்குத் தனியாகக் குரலும் குழலும் தூக்கலாக ஒரு கலவை கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குத் தோதான பாட்டு, வாத்தியம் குறைந்து குரல் முன்னால் நிற்பது. 'சிப்பி இருக்குது' (வறுமையின் நிறம் சிவப்பு, 1980) அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். பெண் தத்தகாரத்தில் மெட்டைக் கொடுக்க, ஆண் அதற்கு வார்த்தை போடுகிற பாட்டு, எம்.எஸ்.வி.யும் கண்ணதாசனும் உட்கார்ந்து வேலை செய்த முறையையே காட்சியாக்கியது. மேடையில் அது கவிழ்வது ஆண் பாடகர் முந்திக்கொள்வதால். பெண் முடித்த பிறகு உள்ள இடைவெளியை எண்ணி நுழைய வேண்டும். முந்தினால் யோசித்துப் பாடுகிற பாவனை போய், மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்.

ஒழுகினசேரியான்:
சரி வே. 28-ல 17 சேந்து இருந்த காலம், ஒண்ணு 'காகித ஓடம்', பாக்கி பத்து தனி எம்.எஸ்.வி. அதுல மலையாளம் ரெண்டு. இது தொண்டைக்கும் தோலுக்கும் இறங்கினது, உங்க வாதத்துக்கு இல்ல. 1964 மாதிரி ஒரு வருஷத்த இன்னும் ஒருத்தரும் காட்டல.

குழித்துறைக்காரன்:
மலையாளம் மூணு. 'கண்ணுநீர்த்துள்ளியே' எடுத்தா நான் விடமாட்டேன்.

பழையாறு:
அதை யார் பாடுவது? எம்.எஸ்.வி. குரலில் அந்தக் கரகரப்பும், உச்சத்தில் பிடித்து நிறுத்துகிற அழுத்தமும்தான் பாட்டு. மிமிக்ரி செய்தால் சிரிப்பார்கள், இனிமையாகப் பாடினால் வேறு பாட்டாகிவிடும். முதலில் ஆளைத் தேடுங்கள்.

சுசீந்திரம் டோலக்:
ஆளைத் தேடுங்க, எண்ணிக்கையையும் தீருங்க. ஆனா எந்தப் பாட்டு எத்தனை கட்டைன்னு எழுதின தாளு ஒத்திகைக்கு முந்தின நாள் எனக்குக் கையில வரணும். இல்லாட்டா மூணு தபேலாவுக்கும் ஆட்டோச் செலவு உங்க கணக்கு.