த்ராட்டில் நடுக்கம்: டெட்சோன் போதுமா, கழற்றித்தான் ஆகணுமா?

ஓடுபாதை09:
ஃப்ளைட் சிமுலேட்டர்ல த்ராட்டில் லீவரைத் தொடவே இல்லை, என்1 (எஞ்சின் விசிறியோட வேகம், சதவீதத்துல) 54க்கும் 57க்கும் நடுவே ஊசலாடுது. ஜாய்.சிபிஎல் (விண்டோஸோட ஜாய்ஸ்டிக் அமைப்புப் பக்கம்) திறந்தா அந்த ஆக்சிஸின் பட்டை துடிச்சுக்கிட்டே இருக்கு. யூஎஸ்பி த்ராட்டில், இரண்டு லீவர், உள்ளே சாதாரண பொட் (பொட்டென்ஷியோமீட்டர், சுத்தினா மின்தடை மாறுற பாகம்). முதல் லீவர் மட்டும்தான் மோசம், இரண்டாவது அமைதி. வாரண்டி முடிஞ்சாச்சு. அமைப்பிலேயே சரிக்கட்டலாமா, திறந்துதான் ஆகணுமா?

மேகக்கூட்டம்:
திறக்காதீங்க. உள்ளே டீடென்ட் (லீவர் க்ளிக்னு உக்காருற நிலை) ஸ்பிரிங், சின்னக் குண்டு, உராய்வுக்கு வெச்ச ஃபெல்ட் வாஷர் எல்லாம் இருக்கும். மூடியைத் தூக்கினதும் ஒண்ணு தெறிச்சுப் போனா லீவர் தொளதொளன்னு ஆகிடும். முதல்ல சிமுலேட்டர்ல 5% டெட்சோன் (லீவர் அசைவைக் கண்டுக்காத பகுதி) வெச்சுப் பாருங்க.

வைப்பர்முனை:
இதுக்கு டெட்சோன் மருந்தே இல்லை. அது நடுப்புள்ளியிலோ இரண்டு முனையிலோ மட்டும்தான் வேலை செய்யும். ஐடில்ல (குறைஞ்சபட்ச பவர் முனை) நிக்கிற லீவர் துடிச்சா முனை டெட்சோன் அதை விழுங்கிடும், சரி. என்1 54ன்னா லீவர் முனையில இல்லாம வழியில எங்கேயோ நிக்குது. அந்த இடத்துல டெட்சோன் ஒண்ணுமே செய்யாது. மிச்சப் பாதையைக் குறுக்கிறதால நடுக்கம் இன்னும் கொஞ்சம் பெருசாத்தான் தெரியும்.

மேகக்கூட்டம்:
சரி, டெட்சோன்னு சொன்னது தப்பு. எஃப்எஸ்யூஐபிசி-யோட (சிமுலேட்டருக்கான துணை மென்பொருள்) டெல்டாவைச் சொல்லியிருக்கணும். கடைசியா அனுப்பின மதிப்புல இருந்து அந்த அளவுக்கு மேல மாறினால்தான் சிமுலேட்டருக்குப் புது மதிப்பு போகும். இயல்பா 256 இருக்கும், 512 ஆக்கினா நடுக்கம் நின்னுடும். திருப்புளியே வேண்டாம்.

வைப்பர்முனை:
கணக்குப் போட்டுப் பார்த்திடலாம். சாதாரண பொட் ஏறக்குறைய 300 டிகிரி சுத்தும். லீவர் 60 டிகிரிதான் நகருதுன்னு வைங்க, நடுவுல பல்சக்கரமும் இல்லைன்னா தடத்துல ஐந்தில் ஒரு பங்குதான் பயன்படுது. 10 பிட் ஏடிசி-யோட (வோல்ட்டேஜை எண்ணா மாத்துற பகுதி) 1024 படியில கைக்கு வர்றது சுமார் 205. எஃப்எஸ்யூஐபிசி-யோட மொத்த வீச்சு 32768. அதை 205 படிக்கு இழுத்தா ஒரு படி 160. டெல்டா 256 ஒரு படி நடுக்கத்தைத் தடுக்கும், இரண்டு படி வந்தா 320, தாண்டிடும். 512 வெச்சா மூணு படி வரைக்கும் தாங்கும், ஆனா பவர் நாலு படி நாலு படியாத்தான் ஏறும். மொத்தப் பாதைக்கும் ஐம்பது நிலைதான் மிஞ்சும். அப்ரோச்ல (இறங்க நெருங்கும்போது) அரை சதவீதம் என்1 திருத்தணும்னா கை தடுமாறும்.

54க்கும் 57க்கும் நடுவே ஆடுறதே பல படி. அது வெறும் ஏடிசி இரைச்சல் இல்லை.

அளந்துபார்:
இரண்டு பேரும் சிகிச்சைக்குப் போயிட்டீங்க, நோய் எங்கேன்னு இன்னும் யாரும் பார்க்கலை. ஒரு லீவர் மட்டும் மோசம்ங்கிறதே பாதி விடை. இரண்டு பொட்டுக்கும் ஒரே 5 வோல்ட், ஒரே சிப், ஒரே யூஎஸ்பி கேபிள். சப்ளை கெட்டிருந்தா இரண்டும் ஆடணும். அதனால பவர் ஹப், ஃபெரைட் மணி வாங்குறதை இப்போதைக்கு விடுங்க.

முதல்ல திறக்காமலே ஒரு சோதனை. கேலிபரேஷன் பக்கத்துல கச்சா மதிப்பைக் காட்டச் சொல்லி, லீவரை ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு 20 விநாடி எடுத்து மெதுவா நகர்த்துங்க. குறிப்பிட்ட ஒரே இடத்துல மட்டும் எண் குதிச்சா அங்கே கார்பன் தடம் தேஞ்சிருக்கு, இல்லை அழுக்கு. ஐடிலும் வழக்கமா லீவர் நிக்கிற இடமும்தான் முதல்ல தேயும். இரண்டு முனையிலும் அமைதி, நடுவுல எங்கே வெச்சாலும் சீரா ஆடுதுன்னா, அது மின்தடை அதிகமான இடத்துல கம்பி பிடிக்கிற இரைச்சல். திடீர்னு உச்சத்துக்கோ பூஜ்யத்துக்கோ தாவித் திரும்பினா சால்டர் விட்டிருக்கு அல்லது பிளக் தளர்ந்திருக்கு.

திறந்த பிறகு அடுத்தது: யூஎஸ்பி-யைப் பிடுங்கிட்டு, போர்டுல இரண்டு பொட்டோட பிளக்கையும் மாத்திச் செருகுங்க. நடுக்கம் இரண்டாவது ஆக்சிஸுக்குப் போனா பொட்டோ அதன் கம்பியோதான் குற்றவாளி. முதல் ஆக்சிஸிலேயே தங்கினா போர்டு. பிளக் இல்லாம நேரடியா சால்டர் செஞ்சிருந்தா, பொட்டைக் கழற்றிட்டு அந்த இடத்துல 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வரிசையா வைங்க, நடுச்சந்தியைச் சிக்னல் கம்பியில கொடுங்க. எண் ஒரு படிக்கு மேல ஆடாம நின்னா போர்டு நல்லாயிருக்கு.

வட_துருவம்:
செத்த பாம்பை ஏன் இத்தனை பேர் அடிக்கிறீங்க? கார்பன்ல உலோகம் உரசுற பொருள் என்னைக்காவது தேயத்தான் செய்யும். ஹால் சென்சார் (காந்தப்புலத்தை அளக்கிறது) போடுங்க, உரசலே கிடையாது. 49இ-ங்கிற வகை மூணு காலோட வரும், பொட்டோட மூணு கம்பி அப்படியே அதுக்குப் போகும், ஒரு சின்னக் காந்தம், வேலை முடிஞ்சது.

வைப்பர்முனை:
மூணு கம்பி சரி, மிச்சம்? 49இ-க்கு 5 வோல்ட் கொடுத்தா வெளியீடு சுமார் 0.8ல இருந்து 4.2 வரைதான். அதுவும் காந்தம் இரண்டு துருவத்தையும் நல்லாக் காட்டினால்தான். வெறும் 60 டிகிரிக்குக் காந்தத்தைத் திருப்பினா சைன் வளைவோட நடுப்பகுதி மட்டும் கிடைக்கும். நேர்கோடு மாதிரி இருக்கும், வீச்சு பாதிதான். வீச்சைக் கூட்டப் பெரிய காந்தம் வெச்சா பக்கத்து லீவரோட சென்சார் அதைப் பிடிக்கும். ஒண்ணை நகர்த்தினா இன்னொண்ணும் நகரும். நடுவுல மெல்லிய இரும்புத் தகடு வைக்கணும். போர்டு 3.3 வோல்ட்டா இருந்தா இன்னொரு தலைவலி: 5 வோல்ட்ல ஓடுற சென்சாரோட வெளியீட்டைப் பிரிச்சுக் குறைக்காம நேரா கொடுத்தா ஏடிசி பின் போயிடலாம்.

வட_துருவம்:
49இ மலிவுன்னு சொன்னேன், ஒரே வழின்னு சொல்லலை. கோண சென்சார் இருக்கே. ஏஎஸ்5600, 12 பிட், ஒரு முழுச் சுற்றுக்கு 4096 படி. 60 டிகிரிக்கு 680 படிக்கு மேல வரும், உங்க 205 எங்கே, இது எங்கே? 6 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன், விட்டத்துக்குக் குறுக்கே காந்தமேற்றினது வேணும். மேலும் கீழும் துருவம் உள்ள சாதாரண வட்டக் காந்தத்தை வெச்சிட்டு வேலை செய்யலைன்னு புலம்புறவங்கதான் அதிகம். சிப்புக்கும் காந்தத்துக்கும் 1, 2 மில்லிமீட்டர் இடைவெளி, மையம் மையத்தோட பொருந்தணும்.

அளந்துபார்:
ஏஎஸ்5600-ஓட ஐ2சி (சிப்புங்க இரண்டு கம்பியில பேசிக்கிற முறை) முகவரி மாத்த முடியாதது, 0எக்ஸ்36. இரண்டு லீவருக்கு இரண்டு சென்சார்னா நடுவுல டிசிஏ9548ஏ மாதிரி மல்டிபிளெக்சர் (சென்சாரை ஒவ்வொண்ணாத் தேர்ந்து இணைக்கிற சிப்) வேணும், இல்லைன்னா அனலாக் வெளியீட்டை எடுக்கணும். அனலாக் எடுத்தா திரும்பவும் அதே 10 பிட் ஏடிசி வழியாத்தான் போகும். சிப்புல தொடக்கக் கோணத்தையும் முடிவுக் கோணத்தையும் பதிஞ்சு, 60 டிகிரியை முழு வோல்ட்டேஜுக்கு விரிக்கலைன்னா கிடைக்கிறது 170 படி, பொட்டை விட மோசம். டிஜிட்டலாப் படிக்கணும்னா போர்டையே மாத்தி எஸ்டிஎம்32 சிப் உள்ளதைப் போட்டு ஃப்ரீஜாய் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளே ஓடுற நிரல்) ஏத்தணும். நல்ல வேலைதான். ஆனா ஒரு பொட் துடிக்குதுன்னு கேட்டவருக்கு இது மொத்தத் த்ராட்டிலையும் புதுசாக் கட்டுற வேலை.

வைப்பர்முனை:
அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இதுதான். பொட்டோட கால்கள் வெளியே வர்ற இடுக்கு வழியா கான்டாக்ட் கிளீனர் ஒரு சின்ன அழுத்து. யூஎஸ்பி பிடுங்கியிருக்கணும். லீவரோட சேர்த்து ஆட்டாம, பொட்டைக் கழற்றி முனைக்கு முனை 30 தடவை சுத்துங்க, 15 நிமிஷம் காய விடுங்க. பொட்டுக்குன்னு எண்ணெய்ப் பசையோட வர்ற வகைதான் வேணும். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே வேண்டாம். அது விடுற பிசுபிசுப்பு தங்கித் தூசியைச் சேர்க்கும். பிரேக் கிளீனர் அடிச்சா பிளாஸ்டிக் உடல் விரிசல் விடும்.

சுத்தம் பண்ணியும் அதே இடத்துல குதிச்சா தடமே போயிடுச்சு. அப்பவும் உடனே வாங்க ஓடாதீங்க. 300 டிகிரியில 60தான் தேஞ்சிருக்கு, மிச்சம் 240 புதுசு. லீவரோட இணைப்பைக் கழற்றி, பொட் தண்டை 90 டிகிரி திருப்பி மாட்டுங்க. விண்டோஸ் கேலிபரேஷனை இயல்புநிலைக்குத் திருப்பிட்டுப் புதுசாச் செய்யணும். பழைய பொட் துடிக்கும்போது செஞ்ச கேலிபரேஷன், அந்தத் தாவலையே உச்சமாகவும் தாழ்வாகவும் பதிஞ்சு வெச்சிருக்கும்.

மாத்தியே ஆகணும்னா உடம்புல பி10கே-ன்னு எழுதினது, அதாவது 10 கிலோ ஓம், லீனியர். ஆடியோ வகையான ஏ10கே மாட்டினா பாதி லீவர் வரைக்கும் எஞ்சின் தூங்கும், அப்புறம் பாயும். 100 கிலோ ஓமும் வேண்டாம்: நடுவுல வெச்சா மூல மின்தடை 25 கிலோ, ஏடிமெகா32யூ4 மாதிரி சிப் எதிர்பார்க்கிறது 10 கிலோவுக்குள்ளே. பக்கத்து ஆக்சிஸோட மதிப்பு இதுல ஒழுகும்.

மேகக்கூட்டம்:
இவ்வளவு பண்றதுக்குப் பதிலா வைப்பருக்கும் (பொட்டோட நகருற தொடுமுனை) கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போட்டா அடங்கிடாதா?

வைப்பர்முனை:
அடங்கும், கையோட சேர்ந்து. 10 கிலோ பொட் நடுவுல 2.5 கிலோ, 10 மைக்ரோவோட நேர மாறிலி (மதிப்பு மாற எவ்வளவு நேரம் பிடிக்கும்ங்கிற அளவு) 25 மில்லிவிநாடி. முனைக்குப் போனா மின்தடை குறையும், அதனால தாமதம் இடத்துக்கு இடம் மாறும். 100 நானோ போதும், மேல 104ன்னு அச்சிட்ட செராமிக். மாறிலி 0.25 மில்லிவிநாடி. பொட் பக்கம் வேண்டாம், போர்டுல ஏடிசி பின் பக்கத்துல வைங்க. வைப்பர் கணநேரம் தூக்கினாலும் அது மதிப்பைப் பிடிச்சு வெச்சிருக்கும்: பின்ல 1 மைக்ரோஆம்பியர் கசிஞ்சாக்கூட ஒரு மில்லிவிநாடிக்கு 10 மில்லிவோல்ட்தான் இறங்கும், 5 வோல்ட் போர்டுல இரண்டு படி.

வட_துருவம்:
அப்போ ஃபர்ம்வேர்லயே சராசரி எடுத்தா கெப்பாசிட்டரும் வேண்டாமே?

அளந்துபார்:
எந்தச் சராசரிங்கிறதுதான் விஷயம். விநாடிக்கு 100 தடவை படிச்சு ஆல்ஃபா 0.2 (புது அளவுக்கு 20% எடை) வெச்ச நகரும் சராசரிக்கு சுமார் 45 மில்லிவிநாடி தாமதம். அப்படியும் 1000 படி தாவல் ஒண்ணு வந்தா 200 உள்ளே நுழைஞ்சு வாலா நீளும். தாவலுக்கு மீடியன்தான். ஐந்து அளவுல நடுமதிப்பை எடுத்தா இரண்டு கெட்ட அளவு வரைக்கும் தடமே இல்லாமப் போயிடும். முதல்ல மீடியன், பிறகு லேசான சராசரி, கடைசியில இரண்டு படி ஹிஸ்டெரிசிஸ் (அதுக்குள்ள வர்ற ஆட்டத்தைக் கண்டுக்காதது). இந்தக் கடைசி ஒண்ணால லீவர் முழு ஐடிலுக்கோ முழு பவருக்கோ போகாம இரண்டு படி முன்னாடியே நிக்கும், அதனால இரண்டு முனையிலும் நாலு படியை வெட்டிடணும். இதெல்லாம் ஃபர்ம்வேர் நம்ம கையில இருந்தால்தான். கடையில வாங்கின த்ராட்டில்ல அது பூட்டியிருக்கும்.

மேகக்கூட்டம்:
ஒண்ணு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏர்பஸ் ஓட்டுறவருக்கு இதெல்லாம் தேவையில்லை. ஃப்ளைபைவயர் ஏ32என்எக்ஸ் (சிமுலேட்டருக்கான ஏர்பஸ் விமானம்) டேப்லட்ல ஒவ்வொரு டீடென்ட்டுக்கும் 0.05 விளிம்பு வைக்கலாம். வீச்சு மைனஸ் 1ல இருந்து 1 வரை. மேலும் கீழுமாச் சேர்த்து மொத்தப் பாதையில 5%. உங்க 205 படிக் கணக்குலயே பத்துப் படி! லீவர் சிஎல் (க்ளைம்ப்) டீடென்ட்ல உக்காந்திருக்கும், ஆட்டோத்ரஸ்ட் பார்த்துக்கும்.

வைப்பர்முனை:
ஏத்துக்கிறேன், ஏர்பஸ் க்ரூஸுக்கு. விளிம்பைத் தாண்டி ஒரு தாவல் வந்தா எல்விஆர் சிஎல்பி (லீவரை க்ளைம்ப்ல வைன்னு சொல்ற எச்சரிக்கை) மினுக்கும். ஒரு லீவர் மட்டும் வெளியே போனா எல்விஆர் ஏசிம் (லீவர் இரண்டும் சமமா இல்லை) வரும். தேஞ்ச தடம் பத்துப் படியோட நிக்காது. 737ல கையால இறக்கும்போது டீடென்டே கிடையாது, ஒவ்வொரு படியும் நேரா எஞ்சினுக்குப் போகுது.

ஓடுபாதை09:
737தான். கச்சா மதிப்புல 480ல இருந்து 510 வரைக்கும் உள்ள இடத்துல மட்டும் குதிக்குது, மத்த இடமெல்லாம் நேரா ஏறுது. தண்டைத் திருப்பும்போது 90 டிகிரி எந்தப் பக்கம்?

அளந்துபார்:
லீவரோட இரண்டு முனையும் பொட்டோட நிறுத்தத்துல முட்டாத பக்கம். கழற்றும் முன்னாடி இரண்டு முனையிலும் கச்சா மதிப்பைக் குறிச்சுக்கங்க. 0 பக்கம் இடம் அதிகமா இருந்தா 0 பக்கமா, 1023 பக்கம் அதிகமா இருந்தா 1023 பக்கமாத் திருப்புங்க. மாட்டின பிறகு இரண்டு முனையிலும் குறைஞ்சது 30 படி மிச்சம் இருக்கான்னு பாருங்க. நிறுத்தத்துல முட்ட விட்டுக் கையை அழுத்தினா தண்டு முறிஞ்சிடும்.