7.04 மீட்டர்

தடகளத் துறை என்று பெயர்தான் பெரிது. நான், பகுதி நேரப் பயிற்சியாளர் ஒருவர், மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர், அவ்வளவுதான். பேருந்துக்கு விண்ணப்பம் எழுதுவதும் நான், தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தால் பேராசிரியர்கள் முன்னால் போய் நிற்பதும் நான், சுண்ணாம்புக் கோடு போடுவதும் நான். நான் தப்பு செய்தால் கண்டுபிடிக்க ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன்.

4×400 தொடர் ஓட்டத்துக்கு மூன்று பேர் உறுதியாகிவிட்டார்கள். நான்காவது ஆளுக்காக ஒரு தேர்வு ஓட்டம் வைத்தேன். புல்தரை, ஆறு லேன். முதல் லேனில் ஓடியவன் ஸ்டாப்வாட்ச்சில் 0.1 விநாடி முந்தினான். நாலாவது லேன்காரன் இரண்டாமிடம். அன்று மாலையே பெயரை அறிவித்துவிட்டேன்.

மறுநாள் காலை தோற்றவன் ஒரு தாளோடு வந்து நின்றான். கணிதம் படிக்கிற பையன்.

“சார், நம்ம ட்ராக்குல உள்பக்கம் கட்டை இருக்கா?”

“இல்லை.”

“அப்ப ரெண்டாவது லேனுக்கு 7.04 எப்படி சார் வரும்?”

வெளி லேனில் சுற்று நீளம் என்பதால் இரண்டாவது லேன்காரனை முதல் லேன்காரனைவிட 7.04 மீட்டர் முன்னால் நிறுத்துவோம். அந்த 7.04 நான் படித்த காலத்திலிருந்து மனப்பாடம். உள்விளிம்பில் தரையைவிட உயர்ந்த கட்டை இருந்தால் முதல் லேனின் தூரத்தைக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள், மற்ற லேன்களைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி. லேன் அகலம் 1.22 மீட்டர். ஆக இரண்டு லேனின் ஆரத்துக்கும் வித்தியாசம் 1.12, அதை 2π, அதாவது 6.2832ஆல் பெருக்கினால் 7.04. கட்டையே இல்லாத மைதானத்தில் முதல் லேனுக்கும் 20 செ.மீ.தான். அப்போது முழு 1.22ஐப் பெருக்க வேண்டும். 7.67 வரும். முதல் லேனைத் தவிர மற்ற எல்லோரும் 63 செ.மீ. கூடுதலாக ஓடியிருக்கிறார்கள். அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட 0.1 விநாடி.

எனக்கு வந்தது கோபம். “தோத்தவன் போடுற கணக்கு மாதிரி இருக்கே தம்பி” என்று சொல்லிவிட்டேன். கோடு தப்பாகப் போட்டதைவிட இதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அவன் ஒன்றும் சொல்லாமல் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மதியம் பெரியவரும் நானும் டேப் பிடித்து அளந்தோம். சரி, அவன் சொன்னதுதான். மாலை எல்லோரையும் உட்கார வைத்து, தப்பு என்னுடையது, மூன்று நாள் கழித்து மறுபடி ஓட்டம் என்றேன். முதலில் ஜெயித்தவன் முகம் சுருங்கிப்போனது. வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தானாம். அவனிடம் தனியாகவும் மன்னிப்புக் கேட்டேன்.

இந்த முறை இருவருக்கும் மூன்றாவது, நாலாவது லேன். பழையவனே ஜெயித்தான், அதுவும் 0.3 விநாடியில். கணிதப் பையன் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டே, “இப்ப கோடு சரி சார்” என்றான்.

*

நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்தது சார். எங்கள் துறையும் சின்னதுதான், இரண்டே பேர். ஈட்டி எறிகிற பெண் ஒருத்தி, கால்பந்து அணி மைதானத்துக்கு வருமுன் பயிற்சி செய்ய ஸ்டோர் ரூம் சாவி கேட்டாள். ஆர்வத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால், எறியும் பகுதிக்குள்ளேயே இரண்டு பேர் நடைப்பயிற்சி. ஈட்டி 600 கிராம்தான், ஆனாலும் நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டேன். இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. இப்போது சாவி என்னிடம். அவளோடு ஐந்தரைக்கு நானும் மைதானத்தில் இருக்கிறேன். தூக்கம்தான் போச்சு.

அது சரி, அந்தக் கணிதப் பையன் அப்புறம் என்ன ஆனான்?

*

ரிசர்வ் ஆளாக வந்தான் மேடம், ஓட வாய்ப்பு வரவில்லை. அடுத்த வருடம் கோடு போட்டது அவன்தான். நான் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.